எம்.எஸ். நோயும் சலப்பையும்: மிஞ்சி நிற்பதை அளக்காமல் மருந்தை நம்ப வேண்டாம்

கரவெட்டியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. முப்பத்தைந்து வயதான தங்கைக்கு ஆறு ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், அதாவது எம்.எஸ். நோய் இருக்கிறது. கால்களில் விறைப்பு இருப்பதால் ஊன்றுகோலுடன் நடக்கிறார். ஓராண்டாக மணிக்கொரு தடவை மலசலகூடத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. சில வேளைகளில் போய்ச் சேருமுன் உடை நனைந்துவிடுகிறது. கிளினிக்கில் சொலிபெனசின் குளிசை எழுதிக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் சற்றுக் குறைந்தது. இப்போதோ முன்னைவிட அடிக்கடி, சிறிது சிறிதாக, முக்கி முக்கிப் போக வேண்டியிருக்கிறது. அம்மா இதை உடம்புச் சூடு என்கிறார். தங்கை தண்ணீர் குடிப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டார். இது நோயின் போக்குத்தானா, குளிசையை நிறுத்தலாமா, பாம்பேர்ஸ் கட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லையா என்று கேட்கிறீர்கள்.

வழிகள் பல இருக்கின்றன. ஆனால் அவற்றில் எது உங்கள் தங்கைக்கு ஏற்றது என்பது ஒரேயோர் அளவைப் பொறுத்தது: சிறுநீர் கழித்து முடித்த பிறகு சலப்பைக்குள் எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்பதே அந்த அளவு. நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அளக்கப்படவில்லை என்றே எண்ணுகிறேன். முக்கிப் போகும் நிலை வந்திருப்பதால் அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் இந்த வாரமே அதை அளக்கச் செய்யுங்கள். குளிசையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அந்த அளவைப் பார்த்து வைத்தியர் தீர்மானிக்கட்டும். இதற்கிடையில் சிறுநீர் அறவே போகாமல் அடிவயிறு வீங்கி நொந்தால், அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

இந்த அளவை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், சலப்பை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. சலப்பைக்கு இரண்டு வேலைகள் உண்டு: அமைதியாக விரிந்து சிறுநீரைத் தேக்கி வைப்பது, வேளை வந்ததும் சுருங்கி முழுவதையும் வெளியேற்றுவது. தேக்கும்போது பையின் தசை தளர்ந்தும், சிறுநீர் வெளியேறும் வாயிலின் தசை இறுகியும் இருக்க வேண்டும். வெளியேற்றும்போது பை சுருங்க, வாயில் தளர வேண்டும். இந்த ஒத்திசைவைப் பேணுவது மூளைத்தண்டில் உள்ள ஒரு மையம். அங்கிருந்து வரும் கட்டளைகள் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணின் முழு நீளத்தையும் கடந்து, இடுப்புக்குக் கீழே திருவெலும்புப் பகுதியில் புறப்படும் நரம்புகளுக்குப் போய்ச் சேர வேண்டும். எம்.எஸ். நோயில் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளின் உறையைத் தாக்குகிறது. பாதை நீண்டதாக இருப்பதால் எங்கே ஒரு தழும்பு விழுந்தாலும் இந்தக் கட்டளைகள் தடுமாறும். எம்.எஸ். உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் வரை ஏதோவொரு காலத்தில் சலப்பைத் தொல்லையை அனுபவிப்பதற்கும், கால்களில் விறைப்பு உள்ளவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுவதற்கும் இதுவே காரணம். காலுக்குப் போகும் பாதையும் சலப்பைக்குப் போகும் பாதையும் முண்ணாணில் ஒன்றாகத்தான் இறங்குகின்றன.

கோளாறு மூன்று வகையாக வரும். முதலாவதும் மிகப் பொதுவானதுமானது, பை நிரம்புமுன்பே தன்னிச்சையாகச் சுருங்குவது. திடீரென்று அடக்கமுடியாத உந்துதல், அடிக்கடி போதல், இரவில் பலமுறை எழும்புதல், வழியிலேயே ஒழுகுதல் எல்லாம் இதன் விளைவுகள். இரண்டாவது, பை போதிய பலத்துடன் சுருங்காமல் மிச்சம் விடுவது. மூன்றாவது, பை சுருங்கும் அதே கணத்தில் வாயிலும் இறுகுவது. அப்போது சிறுநீர் விட்டு விட்டு வரும், தொடங்கவே நேரமெடுக்கும், முடிந்த பிறகும் முடியாத உணர்வு இருக்கும். எம்.எஸ். நோயாளர் பலரிடம் இவை கலந்தே இருக்கும் என்பதுதான் சிக்கல். எப்போதும் முக்கால் பங்கு நிறைந்திருக்கும் தண்ணீர்த் தாங்கி, மோட்டரைப் போட்ட சில நிமிடத்திலேயே வழிவதுபோல, மிச்சம் தேங்கி நிற்கும் சலப்பையும் கொஞ்சம் ஊறியதும் நிரம்பிவிடும். ஆகவே அடிக்கடி போதல் என்ற ஒரே அறிகுறி, தேக்க முடியாத சலப்பையிலிருந்தும் வரலாம், வெளியேற்ற முடியாத சலப்பையிலிருந்தும் வரலாம். நோயாளிக்கு உள்ளுக்குள் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கையால் தொட்டுப் பார்த்தும் நம்பிச் சொல்ல முடியாது.

சொலிபெனசின் போன்ற குளிசைகள் சலப்பைத் தசையின் சுருக்கத்தைத் தணிப்பவை. முதல் வகைக் கோளாறுக்கு அவை நல்ல மருந்து. ஆனால் ஏற்கெனவே அரைகுறையாகச் சுருங்கும் பையை மேலும் தளர்த்தினால் மிச்சம் கூடும்; மிச்சம் கூடினால் அடிக்கடி போவதும் ஒழுகுவதும் திரும்பி வரும்; அதைக் கண்டு மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். உங்கள் தங்கைக்கு நடந்திருப்பது இதுவாக இருக்கலாம் என்ற ஐயம், நீங்கள் எழுதிய வரிசையைப் பார்க்கும்போதே எழுகிறது. அவர் வேறு என்ன மருந்துகள் எடுக்கிறார் என்பதையும் பாருங்கள். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கப்படும் அமிற்றிப்ரிலினுக்கும், தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் பாமசியில் இலகுவாகக் கிடைக்கும் குளோர்பெனிரமினுக்கும் இதே தளர்த்தும் தன்மை ஓரளவு உண்டு. தனித்தனியே பார்த்தால் சிறியவை. மூன்றும் சேர்ந்தால் வாய் வறண்டு, மலம் கட்டி, சலப்பையும் அசையாமல் போகலாம்.

மிச்சத்தை அளப்பது கடினமான சோதனை அன்று. சிறுநீர் கழித்த உடனேயே அடிவயிற்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் வைத்துப் பார்ப்பார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் கதீற்றர் எனும் மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர்வழியாகச் செலுத்தி வருவதை அளப்பார்கள். வயிற்று ஸ்கானுக்கு எழுதும்போது, கழிக்குமுன்னும் கழித்த பின்னும் அளவு வேண்டும் என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையேல் நிரம்பிய பையை மட்டும் பார்த்து "சாதாரணம்" என்று அறிக்கை வந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். நெடுநேரம் வரிசையில் காத்திருந்து, பை அளவுக்கு மீறி நிறைந்த பின், வெளியே ஆட்கள் கதவைத் தட்டிக்கொண்டிருக்க அவசரமாகக் கழித்தால் எவருக்கும் மிச்சம் நிற்கும். அப்படி வந்த ஓர் அளவை வைத்து முடிவு கட்டாமல் வேறொரு நாளும் அளப்பது நல்லது. பொதுவாக 100 மில்லிலீற்றருக்கு மேல் திரும்பத் திரும்ப மிஞ்சினால், அதை வெளியேற்றும் வழியைக் கற்றுக்கொடுப்பதே முதல் வேலை. குளிசை அதற்குப் பின்னர்தான்.

ஸ்கானுக்கு முன்பே செய்யவேண்டியவை இரண்டு: சிறுநீர்ச் சோதனை, இரத்தத்தில் சீனியின் அளவு. எம்.எஸ். உள்ளவருக்கு நீரிழிவு வராது என்ற விதி எதுவும் இல்லை. நம் ஊரில் அதைப் பாராமல் விடவே கூடாது. எம்.எஸ். இங்கே அரிதான நோயாக இருப்பதால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒழுகினால் பேற்றின் விளைவு என்றும், கடுத்தால் கிருமி என்றும் ஆண்டுக்கணக்காக வைத்தியம் நடந்து, பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்து முண்ணாணில் தழும்பு இருப்பது தெரியவந்த நோயாளரும் இருக்கிறார்கள்.

சிறுநீர்க் கிருமித்தொற்று எம்.எஸ். நோயாளருக்கு வெறும் நீர்க்கடுப்போடு நிற்பதில்லை. உறை இழந்த நரம்பிழைகள் சூட்டைத் தாங்கமாட்டா. உடல் வெப்பம் சிறிது உயர்ந்தாலே கட்டளை கடத்துவதில் தடுமாறும். உடலுழைப்பின்போது எம்.எஸ். நோயாளரின் பார்வை தற்காலிகமாக மங்குவதை வில்ஹெல்ம் ஊட்ஹொப் என்ற ஜேர்மன் கண் வைத்தியர் 1890இல் விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் அந்தத் தோற்றப்பாட்டுக்கு உடல் வெப்பமே காரணம் என்பது பின்னர் தெரிந்தது. ஆகவே நேற்றுவரை நடந்தவர் இன்று காலை எழும்ப முடியாமல் கிடந்தால், அது நோயின் புதிய தாக்குதலாகவும் இருக்கலாம், சலப்பையில் வளரும் கிருமி பழைய தழும்புகளைக் கிளறியதாகவும் இருக்கலாம். சிறுநீரைச் சோதிக்காமல் நேரடியாக, புதிய தாக்குதலைத் தணிக்கக் கொடுக்கும் மெதைல்பிரெட்னிசலோன் எனும் ஸ்டீரொயிட் ஊசியைத் தொடங்குவது தவறு, ஏனெனில் அந்த மருந்து கிருமிக்கு எதிரான பலத்தையே குறைக்கும். கால் விறைப்பும் வெட்டியிழுப்பும் திடீரெனக் கூடும்போதும் இதே ஒழுங்கில் யோசியுங்கள்: கிருமி இருக்கிறதா, சலப்பை நிரம்பியிருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே விறைப்பைத் தணிக்கும் பக்ளோபென் குளிசையின் அளவைக் கூட்டுவது பற்றிப் பேசலாம்.

கிருமித்தொற்றைப் பற்றிய பேச்சு வரும்போது பாமசியில் நேரே வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிச்சம் தேங்கும் சலப்பையிலும் கதீற்றர் பாவிப்பவரின் சலப்பையிலும் எந்தத் தொல்லையும் தராமல் கிருமி இருப்பது வழக்கம். காய்ச்சலோ கடுப்போ நரம்பு அறிகுறிகளில் மோசமடைதலோ இல்லாமல், அறிக்கையில் கிருமி என்று இருப்பதை மட்டும் கண்டு மருந்து எடுக்கத் தேவையில்லை; எடுத்தால் அடுத்தமுறை உண்மையான தொற்று வரும்போது மருந்துக்கு மசியாத கிருமியே மிஞ்சியிருக்கும். கர்ப்பகாலம் இதற்கு விதிவிலக்கு. அறிகுறி இருக்கும்போது தொடக்கத்தில் வருவதை விட்டு நடுவில் வரும் சிறுநீரைச் சுத்தமான போத்தலில் பிடித்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மருந்தைத் தொடங்க வேண்டும். தொற்று வராமல் தடுக்கவென்று மாதக்கணக்கில் நைற்றோபியூரன்ரோயின் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நீண்டகாலப் பாவனையில் அந்த மருந்தே கை கால் நரம்புகளையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடும். எம்.எஸ். உள்ளவரின் காலில் புதிதாக விறுவிறுப்பு வந்தால் எல்லாரும் எம்.எஸ். என்றே நினைப்பார்கள், குளிசையை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

இனித் தண்ணீர். தங்கை செய்திருப்பது, இந்த நோய் உள்ள அநேகமானோர் யாரும் சொல்லாமலே செய்வதுதான். அதில் ஒரு தர்க்கம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் குறைவாகக் குடிக்கும்போது சிறுநீர் செறிந்து சலப்பையின் உட்சுவரை உறுத்தும், உந்துதல் கூடும், கிருமி கழுவப்படாமல் தங்கும், மலம் கட்டும், கட்டிய மலம் சலப்பையை அழுத்தும். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் வியர்வையாகவே நிறைய இழக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதயத்திலோ சிறுநீரகத்திலோ வேறு நோய் இல்லாதவர் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரையும், வெயில் காலத்தில் அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் குடிக்க வேண்டும். அளந்து குடிப்பதைவிட நிறத்தைப் பார்ப்பது இலகு: வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். ஒரேயடியாகச் செம்பு நிறையக் குடிக்காமல் பகல் முழுவதும் பிரித்துக் குடித்து, மாலை ஆறு ஏழு மணிக்குப் பிறகு குறைத்துக்கொண்டால் இரவில் எழும்புவது குறையும். தேநீரும் கோப்பியும் சலப்பையைத் தூண்டுபவை. காலையில் ஒன்று குடிக்கட்டும். பின்னேரப் பிளேன்ரீயையும் இரவுத் தேநீரையும் விட்டுவிடச் சொல்லுங்கள். நாளுக்கு ஐந்தாறு குடிப்பவராக இருந்தால் படிப்படியாகக் குறைக்கட்டும், திடீரென்று நிறுத்தினால் தலையிடி வரும்.

அம்மா சொல்லும் உடம்புச் சூட்டை முற்றாகத் தள்ளிவிடவும் வேண்டாம். மோரும் இளநீரும் தேசிக்காய்த் தண்ணீரும் நல்ல நீராகாரங்களே. ஆனால் நெருஞ்சில், நீர்முள்ளி போன்றவற்றை அவித்துக் கொடுப்பது சிறுநீரைப் பெருக்குவதற்காகச் செய்யப்படுவது. வெளியேற்ற முடியாத சலப்பைக்குள் இன்னும் வேகமாகச் சிறுநீரைச் சேர்ப்பதால் நன்மை இல்லை.

செலவில்லாத சில பழக்கங்கள் குளிசை அளவுக்குப் பயன்தரும். முதலில் மூன்று நாட்களுக்கு ஒரு கொப்பியில் எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, எப்போது ஒழுகியது என்று எழுதுங்கள். சிறுநீரை அளக்க அளவுக்கோடிட்ட பிளாஸ்ரிக் ஜக் ஒன்று போதும். வைத்தியருக்கு இந்தக் கொப்பி, அரைமணி நேர விசாரணைக்குச் சமம். பகல் முழுவதும் ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லிலீற்றர் மட்டும் போகிறதா, இரவில் மட்டும் பெருந்தொகையாகப் போகிறதா என்பவை வெவ்வேறு கோளாறுகளைக் காட்டும். மாலையில் பாதம் வீங்குபவருக்குக் காலில் தேங்கிய நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பி இரவில் சிறுநீராக வரும். அத்தகையவர் பின்னேரம் ஒரு மணிநேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் அந்த நீரைப் பகலிலேயே கழித்துவிடலாம்.

உந்துதல் வந்த கணத்தில் ஓடுவது பெரும்பாலும் நனைவதில்தான் முடியும். நின்று அல்லது அமர்ந்து, வாயிலைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசையை விரைவாகச் சில தடவை இறுக்கித் தளர்த்தினால் அந்த அலை தணியும். தணிந்த பிறகு நடந்து போகலாம். இடுப்புத்தளப் பயிற்சியைப் புத்தகம் பார்த்துச் செய்யாமல் இயன்மருத்துவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனெனில் பலர் அந்தத் தசைக்குப் பதிலாக வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டிருப்பார்கள். இன்னும் நடமாடக்கூடிய, நோய் அவ்வளவு முற்றாதவர்களிடம் இது நன்றாகப் பலன் தருகிறது. மிச்சம் நிற்பவர்கள், கழித்து முடித்ததும் எழும்பாமல் சற்று முன்னே சாய்ந்து அல்லது ஒருதரம் எழுந்து அமர்ந்து, சில நிமிடம் பொறுத்து மறுபடியும் முயல வேண்டும். வயிற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றுவதை வைத்தியர் சொல்லாமல் செய்யவே கூடாது; வாயில் இறுகியிருக்கும்போது அழுத்தினால் சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்குப் போகலாம். முக்கவும் வேண்டாம். மலச்சிக்கலுக்குக் குரக்கன், முருங்கையிலை, கீரை, பழம் போன்றவற்றோடு தேவையானால் மருந்தும் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

வீட்டமைப்பும் ஒரு வைத்தியமே. வடமராட்சியில் பல வீடுகளில் மலசலகூடம் வளவின் பின்புறத்தில், கிணற்றுக்கு அப்பால் இருக்கும். அதுவும் குந்தியிருக்கும் வகையாக இருக்கும். கால் விறைத்தவருக்குக் குந்துவதே போராட்டம், தொடை தளராமல் வாயிலும் தளராது. நடுவில் துளையுள்ள கொமட் கதிரை ஒன்றை அதன்மேல் வைக்கலாம். சுவரில் கைப்பிடி ஒன்று அடிக்கலாம். இரவில் முற்றத்தில் இறங்கி விழுந்து இடுப்பு முறிவதைவிட, கட்டிலுக்கு அருகே கொமட் கதிரையை வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். அது கௌரவக் குறைவு என்று வீட்டார் நினைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். விழுந்த பிறகு அந்த எண்ணம் மாறுவதையும் கண்டிருக்கிறேன்.

100 மில்லிலீற்றருக்கு மேல் மிஞ்சுகிறது என்று வந்தால், உங்கள் தங்கைக்குச் சொல்லப்படப்போவது தானே கதீற்றர் போட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு அதை உடனே அகற்றும் முறை. கேட்டதும் பயப்படாத எவரையும் நான் கண்டதில்லை. ஆனால் சில வாரங்களுக்குப் பிறகு, வேண்டாம் என்று சொல்பவரும் மிகக் குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன், முண்ணாண் காயமடைந்தோருக்கு அவ்வப்போது கதீற்றர் போட்டெடுக்கும் முறையைக் கையாண்டார். அது கிருமி முற்றாக நீக்கிய கருவிகளோடு வைத்தியப் பணியாளர் செய்த வேலை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடஸும் அவரது குழுவினரும் 1972இல் வெளியிட்ட கட்டுரைதான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. கிருமி சற்று உள்ளே போவதைவிட, சலப்பை அளவுக்கு மீறி விரிந்து நிற்பதே தொற்றுக்குப் பெரிய காரணம். ஆகவே கை சுத்தமாக இருந்தால் போதும், நோயாளி தானே செய்யலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அக்காலத்தில் அதைப் பலர் நம்பவில்லை. இன்று உலகெங்கும் அதுதான் வழக்கம்.

செய்முறையைத் தாதியிடம் கற்க வேண்டும்; எழுத்தில் படித்துச் செய்வதற்குரியதல்ல. ஆனால் எதை எதிர்பார்ப்பது என்று சொல்லலாம். சவர்க்காரத்தால் கையையும், முன்னிருந்து பின்னாகக் கீழ்ப்பகுதியையும் கழுவி, அமர்ந்தோ சாய்ந்து படுத்தோ, தொடக்கத்தில் ஒரு சிறு கண்ணாடியின் உதவியோடு, மெல்லிய குழாயைச் செலுத்த வேண்டும். பெண்களின் சிறுநீர்வழி குறுகியது, நாலு சென்ரிமீற்றர் அளவானது, ஆகவே சில கணத்தில் சிறுநீர் வரத் தொடங்கும். பழகியவருக்கு முழு வேலையும் சில நிமிடந்தான். எத்தனை தடவை என்பது மிச்சத்தைப் பொறுத்தது: சிலருக்குப் படுக்குமுன் ஒரு தடவை, தானாக எதுவும் போகாதவருக்கு நாளுக்கு நாலு முதல் ஆறு தடவை, ஒரு தடவையில் எடுப்பது 400, 500 மில்லிலீற்றரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிய குழாய் பாவிப்பதுதான் சிறந்தது. செலவு கட்டுப்படியாகாமல் மீண்டும் பாவிப்பதானால், எந்த வகைக் குழாயை எப்படிக் கழுவி உலர்த்தி எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொண்டு அதன்படியே செய்யுங்கள்.

எம்.எஸ். நோயாளருக்கு இதில் தனிப்பட்ட தடைகள் உண்டு. கை நடுக்கம், விரல் மரப்பு, பார்வை மங்கல், தொடைகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளுதல் ஆகியவற்றை யோசித்துத்தான் பொருத்தமானவரா என்று பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடவும் கரண்டி பிடித்துச் சாப்பிடவும் முடிபவர் பெரும்பாலும் இதையும் செய்வார். முடியாதவருக்குக் கணவரோ சகோதரியோ செய்யலாம், இரு பக்கமும் மனம் ஒப்பினால் மட்டும். இந்த வேலை உங்கள் தலையில் விழும் என்று நினைத்தால் அதைத் தங்கையிடம் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் கேட்கக் கூசுவார்.

மிச்சத்துக்கு வழி கண்டபின் குளிசைக்குத் திரும்பலாம். கதீற்றரால் முழுவதையும் எடுக்கும் ஒருவருக்குச் சொலிபெனசின் மறுபடியும் நல்ல மருந்தாகிவிடும். தளர்த்தும் குளிசையும் வெளியேற்றும் குழாயும் சேரும்போதுதான் பலர் இரண்டு மூன்று மணிநேரம் நிம்மதியாக இருக்கிறார்கள். ஒக்சிபியூற்றினின் பழைய, மலிவான மருந்து. ஆனால் மூளைக்குள் எளிதில் நுழைந்து ஞாபகத்தையும் சிந்தனையையும் மந்தமாக்கும், எம்.எஸ். நோயில் அவை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் நான் அதை விரும்புவதில்லை. மிராபெக்ரோன் வேறு வழியில் வேலை செய்வது, வாயையும் மலத்தையும் அவ்வளவு வறட்டாது. இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். இரவில் மட்டும் தொல்லைப்படுபவருக்கு, சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் உதவும். ஆனால் அதை 24 மணித்தியாலத்தில் ஒரு தடவைக்கு மேல் எடுக்கக் கூடாது, எடுத்த இரவு அதிகம் நீர் குடிக்கக் கூடாது, இரத்தத்தில் சோடியம் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதியவர்களுக்கு அது ஆபத்து.

இவை எதற்கும் அடங்காத சலப்பைக்குப் பொட்டுலினம் நச்சை உள்நோக்கிக் கருவியூடாகப் பையின் தசையில் பல இடங்களில் ஏற்றும் சிகிச்சை இருக்கிறது. நரம்புக் கோளாறால் வரும் சலப்பை மிகையியக்கத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் அதற்கு அனுமதி வழங்கியது. 200 அலகு என்பது வழக்கமான அளவு. பலன் ஏறத்தாழ ஒன்பது மாதம் நிற்கும், பிறகு மறுபடியும் ஏற்ற வேண்டும். அதன் பிறகு பலருக்குத் தானாகச் சிறுநீர் போகாது. ஆகவே கதீற்றர் போடப் பழகியவருக்கே அதை யோசிக்கலாம்.

நிரந்தரமாகக் கதீற்றர் வைத்துப் பையைத் தொங்கவிடுவது கடைசி வழி. அது நேர்ந்தால், நீண்டகாலத்துக்குச் சிறுநீர்வழியாக வைப்பதைவிட அடிவயிற்றினூடாக வைப்பது பொதுவாக நல்லது. கழுவ இலகு, சிறுநீர்வழியும் புண்ணாகாது. பை எப்போதும் சலப்பையைவிடத் தாழ்வாக, நிலத்தில் படாமல் இருக்க வேண்டும். பாம்பேர்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: கலியாண வீட்டுக்கோ பயணத்துக்கோ போகும்போது காவலாக அணிவதில் பிழையில்லை. ஆனால் மிச்சம் எவ்வளவு என்று தெரியாமல் அதைக் கட்டிவிட்டு இருந்துவிட்டால், வழிந்து வருவதை ஒற்றியெடுக்கிறோமேயொழிய உள்ளே தேங்குவதைக் கவனிக்காமல் விடுகிறோம். ஈரத்தோடு நெடுநேரம் இருந்தால் தோலும் புண்ணாகும், உணர்ச்சி குறைந்தவருக்கு அது தெரியவும் வராது.

சிறுநீரகம் போய்விடுமோ என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. விபத்தில் முண்ணாண் முறிந்தவர்களுக்கு அந்த ஆபத்து பெரிது, எம்.எஸ். நோயில் அது மிகக் குறைவு. அதனால்தான் சலப்பைக்குள் அழுத்தம் அளக்கும் விரிவான சோதனைகளை எம்.எஸ். நோயாளர் எல்லாருக்கும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அடிக்கடி காய்ச்சலோடு தொற்று வருபவர், பெருமளவு மிச்சம் நிற்பவர், நிரந்தரக் கதீற்றர் வைத்திருப்பவர் ஆகியோர் சிறுநீரக ஸ்கானையும், சிறுநீரகம் வேலை செய்யும் விதத்தைக் காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்திலும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது நோயின் போக்குத்தான் என்பது ஒரு வகையில் உண்மை. நரம்பின் தழும்பு மறையாது. ஆனாலும் நடக்க முடியாமல் போவதைப் பற்றி வைத்தியரிடம் பத்துத் தடவை சொல்லும் நோயாளர், இதைப் பற்றி ஒருதரம்கூடச் சொல்லாமல் இருப்பதால்தான் பாதித் துன்பம் நீடிக்கிறது. கிளினிக்கில் ஆண் வைத்தியரும் மாணவர்களும் சூழ நிற்கும்போது ஒரு பெண் எப்படிச் சொல்வார்? கொப்பியில் எழுதியதை நீட்டலாம். தாதியிடம் தனியே சொல்லலாம். நல்லூர்த் தேருக்கும் உறவினர் வீட்டுக்கும் போவதை அவர் நிறுத்திவிட்டிருந்தால், அதையும் அறிகுறியாகவே அந்தக் கொப்பியில் எழுதுங்கள். கொழும்புக்குப் போக நேர்ந்தால் இரவு பஸ்ஸைவிடப் புகையிரதம் நல்லது, அதில் மலசலகூடம் இருக்கிறது. புறப்படுமுன் முழுவதையும் கழித்துவிட்டு ஏறட்டும், காலையிலிருந்து தண்ணீரில்லாமல் பட்டினி கிடக்க வேண்டாம்.

போதனா வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்குப் போகும்போது மூன்று நாள் கொப்பி, எடுக்கும் எல்லாக் குளிசைகளின் அட்டைகள், பழைய சிறுநீர் அறிக்கைகள் ஆகியவற்றைக் கையில் கொண்டுபோங்கள். இந்த வாரம் அளந்த மிச்சத்தைச் சொல்லி, அதை மறுபடியும் அளந்து தரும்படியும், தேவையானால் சிறுநீர்த்தொகுதிச் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் தரும்படியும் கேளுங்கள். அதற்குள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, விலாவின் பின்புறம் நொந்தாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, சில மணிநேரமாக ஒரு துளியும் போகாவிட்டாலோ, மலவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி உணர்ச்சி திடீரென அற்றுப்போனாலோ கிளினிக் நாளை எதிர்பார்க்க வேண்டாம். மந்திகை ஆஸ்பத்திரி உங்களுக்குக் கிட்ட இருக்கிறது. இரவானாலும் அங்கே கூட்டிச் சென்று, எம்.எஸ். நோயாளி என்பதையும் சொலிபெனசின் எடுப்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.